வலது பக்கத்து சீட்டு

வேலையில்லாத ஆண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஜவுளிக்கடைக்கு எதிரே இருக்கும் டீக்கடை பெஞ்சில் காலையிலிருந்து சாயங்காலம் வரை அவர்கள்தான். ஆனால் வேலையில்லாத விமானி ஒருவரை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துவது வேறு சங்கதி. கள்ளக்குறிச்சியில் அந்தக் கூத்தை அனுபவித்தவள் நான் ஒருத்திதான்.

என் வீட்டுக்காரர் முகம்மது கவுஸ் பெரிய ஜெட் விமானத்தில் கேப்டனாக இருந்தவர். தியாகதுருகத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவரின் மகன். அவர் வேலை பார்த்த கம்பெனியைத் திடீரென்று ஒருநாள் இழுத்து மூடிவிட்டார்கள். சென்னை வீட்டைக் காலி செய்துவிட்டு என் ஊருக்கே வந்துவிட்டோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் அத்தா விட்டுப்போன கடையை நான் பார்த்துக்கொண்டேன். இவர் பார்த்துக்கொள்ள எதுவும் இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

மனுஷன் ஒரு இடத்தில் உட்கார மாட்டார். ஹாலிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து மொட்டைமாடி, மாடியிலிருந்து மறுபடி ஹால். சாப்பிட உட்கார்ந்தால் தட்டு, தண்ணீர், உப்பு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார். விமானத்தைக் கிளப்புவதற்கு முன்னால் அப்படித்தான் எல்லாவற்றையும் சரிபார்ப்பார்களாம். சோறு என்ன, பறந்தா போய்விடும்? மேலே ஏதாவது விமானச் சத்தம் கேட்டால் போதும், எச்சில் கையோடு மாடிக்கு ஓடுவார். கீழே வந்து, "கொழும்பு போவுது. இன்னிக்கு லேட்டு" என்பார். அவருக்கு யாரோ கணக்குச் சொல்ல வேண்டிய மாதிரி இருக்கும் அந்தக் குரல்.

கடையிலாவது உட்கார வைப்போம் என்று பார்த்தேன். சேலை எடுக்க வந்த ஒரு அம்மா நாலைந்தைப் பிரித்துப் போட்டு யோசித்துக்கொண்டிருந்தாள். இவர் பொறுக்க மாட்டாமல், "ஒரு முடிவு எடுக்க இவ்ளோ நேரமாம்மா? மேல இருந்தா இதுக்குள்ள எரிபொருள் தீந்து போயிருக்கும்" என்றார். அந்த அம்மா எழுந்து எதிர்க்கடைக்குப் போய்விட்டாள். அன்றோடு, "நீங்க கடைப்பக்கமே வராதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று சொல்லிவிட்டேன்.

ஊரில் எனக்குக் கேப்டன் வூட்டம்மா என்று பேர். பள்ளிவாசல் தெருவில் ஷர்புன்னிசா வீடு எது என்று கேட்டால் விழிப்பார்கள். கேப்டன் வூடு என்றால் ஆட்டோக்காரன் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவான். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம் போட்டு வைப்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்?

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. பக்கத்து ஊர்களுக்கு மட்டும் பறக்கிற ஒரு சின்ன விமானக் கம்பெனி புதிதாக ஆரம்பிக்கிறது, சென்னையிலிருந்து சேலத்துக்கும் விடப்போகிறார்கள், விமானிகள் எடுக்கிறார்கள் என்று. கேட்டதும் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. இறக்கையில் விசிறி சுற்றுகிற அந்தச் சின்ன விமானத்தை ஏற்கெனவே ஓட்டிப் பழகியவர்களைத்தான் கேப்டனாகப் போடுவார்களாம். பெரிய ஜெட் ஓட்டியவர்கள் வேண்டுமானால் கோ-பைலட்டாக வரலாம், மேற்கொண்டு பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பழைய கம்பெனி விமானிகள் எல்லாரும் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அன்று ராத்திரி அந்தப் போன் அடங்கவே இல்லை. இவர் ஸ்பீக்கரைப் போட்டு வைத்துவிட்டார், ஒவ்வொருத்தராகப் பேசிப் பேசி அனுப்பினார்கள். "அது பிளேனா, மினி பஸ்ஸா?" என்றார் ஒருத்தர். "எங்கிட்ட பாஸ் பண்ண முடியாம அழுத பசங்க எல்லாம் இப்ப கேப்டன். அவனுக்கு நான் குட்மார்னிங் சொல்லணுமா?" என்றார் இன்னொருத்தர். நடுவில் ஒரு பாவப்பட்ட குரல், "பசங்க படிச்சிக்கினு இருக்காங்கப்பா, போனா இன்னா தப்பு?" என்று கேட்டது. அவ்வளவுதான், அந்த ஆளை எல்லாரும் சேர்ந்து கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள்.

கேப்டனாக எடுத்தவர்களில் கண்ணகியும் இருக்கிறாள் என்று தெரிந்ததும் இவருக்கு முகமே மாறிப்போனது. கண்ணகி உளுந்தூர்பேட்டைப் பக்கம் களமருதூர்ப் பெண். நெல் விளைவிக்கிற வீட்டிலிருந்து விமானம் ஓட்ட வந்தவள். பழைய கம்பெனியில் இவர் கையில்தான் பழகினாள். தரையிறக்கும்போது தடாலென்று போடுகிறாள் என்று இவர் திட்டி, அவள் அழுது, நான் வீட்டுக்குக் கூப்பிட்டு பிரியாணி போட்டுச் சமாதானம் செய்தது எல்லாம் நடந்திருக்கிறது. பிறகு அவள் வடக்கே ஒரு கம்பெனிக்குப் போய்ச் சின்ன விமானத்தில் கேப்டனாகிவிட்டாள்.

"அந்தப் பொண்ணுக்கு நான் கோ-பைலட்டா?" என்று எழுந்து நின்றார். போனை வாய்க்குக் கிட்டே வைத்துக்கொண்டு கத்தினார். "ஒருத்தனும் போவக் கூடாது. நாம யாரும் போவலைன்னா கம்பெனிக்காரனே எறங்கி வருவான். மீறிப் போறவன் மூஞ்சில நான் முழிக்க மாட்டேன்."

"கவுஸ் சொல்றதுதான் சரி" என்று முதலில் வந்த குரல் சாதுல்லாவுடையது. இவருடைய உயிர்த்தோழன். அப்புறம் எல்லாரும் சரி சரி என்றார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. "ஏங்க, எந்தப் பக்கம் ஒக்காந்தா இன்னா? பறக்கறது பறக்கறதுதானே?" என்று கேட்டேன்.

"உனக்கு இன்னா தெரியும்? கேப்டன் ஒக்கார்றது இடது பக்கம். கோ-பைலட்டு வலது பக்கம். அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வர்றதுக்கு எனக்கு எத்தினி வருசம் ஆச்சுன்னு தெரியுமா?"

"இன்னும் ஒரு வருசம் இப்டியே கெடந்தா எந்தக் கம்பெனிக்காரனும் சீந்த மாட்டான்னு நீங்கதானே சொன்னீங்க?"

மாடிக்குப் போய்விட்டார். அவர் சொன்னது நிஜம். விமானி ரொம்ப நாள் தரையிலேயே கிடந்தால் மேலே ஏற்ற யோசிப்பார்கள். வயதும் ஆகிறது. இந்த ஒரு வாசலும் சாத்திக்கொண்டால் மனுஷன் மாடிக்கும் கீழுக்கும் நடந்தே தேய்ந்துபோவார் என்று எனக்குப் பயம். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சம்பளம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. கடை ஓடுகிறது, சோறு நடக்கிறது. வீட்டுக்குள் இருக்கிற இந்த மனுஷன்தான் நாளுக்கு நாள் ஆளே இல்லாத மாதிரி ஆகிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரத்திலிருந்து குழுவில் ஒரு வேடிக்கை நடந்தது. முதலில் அந்தப் பாவப்பட்ட குரல்காரர் குழுவை விட்டு வெளியேறினார். வெளியேறினார் என்றால் வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டார் என்று அர்த்தம். போகிறவன் எந்த முகத்தோடு அங்கே இருப்பான்? இவர் திட்டித் தீர்த்தார். அப்புறம் மினி பஸ் என்று கேலி செய்தவர் வெளியேறினார். குட்மார்னிங் சொல்ல மாட்டேன் என்றவர் அவருக்குப் பின்னாலேயே போனார். சத்தமே இல்லாமல், பந்தியிலிருந்து எழுந்து போகிற மாதிரி. ஒருநாள் காலை போனைப் பார்த்துவிட்டு இவர் டீயை அப்படியே வைத்துவிட்டார்.

"இன்னாங்க?"

"சாதுல்லா போயிட்டான்."

எனக்கு அவர் மௌத்தாகிவிட்டார் என்று பக்கென்றது. குழுவை விட்டுத்தான் போயிருக்கிறார் என்று புரிந்ததும் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. "இதுக்கா இப்டிச் சொன்னீங்க?" என்று கத்தினேன்.

அதற்கப்புறம் ஆள் காலையில் காணாமல் போக ஆரம்பித்தார். விடிந்ததும் கிளம்பினால் உச்சி வெயிலுக்கு வருவார். கண் சிவந்திருக்கும், சட்டையெல்லாம் புழுதி. வந்ததும் நேரே குளிக்கப் போய்விடுவார். எங்கே போனீர்கள் என்றால், "சும்மாதான், ஒரு வேலையா" என்பார். என்ன வேலை? வேலை இல்லாததுதானே இத்தனை கூத்துக்கும் காரணம்?

எங்கள் சொந்தத்தில் பாத்திமுத்து மாமி என்று ஒருத்தி. ஊர்ச் செய்தி எதுவும் அவளைக் கேட்காமல் தெரு தாண்டாது. அவள் கடைக்கு வந்து ஒரு துண்டை எடுத்து விரலால் நீவிக்கொண்டே சொன்னாள்.

"ஏ புள்ள ஷர்பு, உன் வூட்டுக்காரரு டெய்லி கல்வராயன் மலைக்குப் போய்க்கினு வர்றாராமே. வேடியப்பன் ஜீப்புல பாத்தாங்களாம். வேலவெட்டி இல்லாத ஆம்பள மலைக்கு எதுக்குப் போவான்னு நான் வேற சொல்லணுமா?"

சாராயம். மலையில் திருட்டுத்தனமாகக் காய்ச்சுகிறார்களே, அதைத்தான் சொல்கிறாள். அவர் தொழுகிற மனுஷன், அதெல்லாம் தொடாதவர். ஆனால் சோர்ந்துபோன ஆள் எதைத் தொடுவான், எதைத் தொடமாட்டான் என்று யார் கண்டது? விமானம் ஓட்டுகிறவர்களை ஏறுவதற்கு முன்னால் ஒரு மெஷினில் ஊதச் சொல்வார்கள். கொஞ்சம் வாடை காட்டினாலும் தீர்ந்தது. கேப்டன் சீட்டும் கிடையாது, கோ-பைலட்டு சீட்டும் கிடையாது.

வேடியப்பன் எனக்குத் தெரிந்தவன்தான். மலைக்காரன். சொந்தமாக நிலம் நீச்சு இல்லை, ஒரு வியாபாரியின் ஜீப்பை ஓட்டுகிறான். மலையிலிருந்து புளியும் கடுக்காயும் இறக்கிக்கொண்டு வருவான், திரும்பும்போது எங்கள் கடையில் வேட்டி எடுத்துக்கொண்டு போவான். அவனா இப்படிச் செய்தான்? மறுநாள் கடையைத் திறக்காமல் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறிவிட்டேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறுகிற வரைக்கும், என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்தவள் என்னைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். வாய்விட்டே பேசியிருப்பேன் போல.

மலைப்பாதையில் பாதி தூரத்தில், ஒரு வளைவின் ஓரத்தில் காசியம்மாள் என்கிறவள் டீக்கடை வைத்திருக்கிறாள். அங்கே இறங்கி விசாரித்தேன்.

"வேடியப்பன் கூட ஒரு பாய் வர்றாரா?"

"டெய்லி வர்றாருக்கா. இங்க வந்து ஒரு டீ குடிப்பாரு. கீழ போவாரு. மறுக்கா மேல வருவாரு, மறுக்கா ஒரு டீ. ஊருக்குள்ள எங்கயும் போவ மாட்டேங்கறாரு, யார்கிட்டயும் பேச மாட்டேங்கறாரு. சாராயம் புடிக்க மப்டில வந்த போலீசுன்னு எங்க ஆளுங்க எல்லாம் பயந்துக்கினு கெடக்குறாங்க." அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க இன்னா, பொம்பள போலீசா?"

கேளுங்கள் இந்தக் கதையை. கீழே இருப்பவர்கள் இவர் குடிக்கப் போகிறார் என்கிறார்கள், மேலே இருப்பவர்கள் பிடிக்க வருகிறார் என்கிறார்கள். நான் பதில் சொல்வதற்குள் கீழே ஜீப் முக்கி முனகி ஏறி வருகிற சத்தம் கேட்டது.

வளைவில் ஜீப் திரும்பியது. பார்த்தால், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் என் வீட்டுக்காரர். கார் ஓட்டாத மனுஷன்! லைசென்ஸ் எடுத்து அலமாரியில் வைத்ததோடு சரி. சென்னையில் இருந்தவரைக்கும் கம்பெனிக் கார் வாசலுக்கு வரும், ஏறிப் போவார். ஓட்டுங்களேன் என்றால், இறக்கை இல்லாத வண்டியை நான் தொட மாட்டேன் என்பார். அப்படிப்பட்டவர் வேர்வை வழிய ஓட்டிக்கொண்டு வருகிறார். பக்கத்தில் இடது பக்கம் வேடியப்பன், கல்யாண மேடையில் மாப்பிள்ளை உட்கார்ந்த மாதிரி விறைத்துக்கொண்டு இருக்கிறான்.

நான் ரோட்டு நடுவில் போய் நின்றேன். ஜீப் கீச்சென்று நின்றது.

"ஷர்பு! நீ எங்க இங்க?"

"எறங்குங்க."

இறங்கினார். நான் அடுக்கிக்கொண்டு வந்த கேள்வியெல்லாம் எங்கேயோ போய்விட்டது. கிட்டே போய் முகத்தை நீட்டினேன். "ஊதுங்க."

"இன்னாது?"

"மெஷின்ல ஊதுவீங்கல்ல? ஊதுங்க!"

பழக்கதோஷம் என்ன செய்யும் பாருங்கள். மனுஷன் ஒரு வார்த்தை பேசாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, மூச்சை இழுத்து என் முகத்தில் நீளமாக ஊதினார். காசியம்மாள் கடை டீயும் வறுத்த கடலையும்தான் மணந்தது. எனக்கு அங்கேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பின்ன எதுக்கு இங்க வந்து சாவுறீங்க?" என்று கேட்டேன்.

வேடியப்பன்தான் இறங்கி வந்தான். "அம்மா, நீங்களாச்சும் சொல்லுங்க. பாயி என்னியக் கேப்டன், கேப்டன்னு கூப்புட்றாரு. ஒவ்வொரு வளைவுலயும் 'கேப்டன், கியர் மாத்தட்டுமா'ன்னு கேக்குறாரு. நான் சரின்னு சொன்னாத்தான் மாத்துவாரு. எனக்குக் கூச்சமா இருக்குதுமா."

அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. இடது பக்கம் உட்காரும் கேப்டனுக்கு இடது கைதான் விமானத்தைத் திருப்புகிற கை. வலது கை வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கை. வலது பக்கம் உட்கார்ந்தால் எல்லாம் தலைகீழ். இத்தனை வருஷம் இடது பக்கம் உட்கார்ந்த கை மாற மாட்டேன் என்கிறது. பரீட்சை வைக்கும்போது அவசரத்தில் கை தப்பாகப் போனால் அத்தோடு சரி. நம் ஊர் வண்டியில் டிரைவர் உட்காருவது வலது பக்கம். வலது கையில் ஸ்டியரிங், இடது கையில் கியர். அந்தக் கோ-பைலட்டு சீட்டின் கை எதுவோ அதேதான். மலைப்பாதையில் ஓட்டினால் கை இரண்டுக்கும் ஓயாத வேலை. அதற்குத்தான் இந்த மலை.

"சரி, கைக்குப் பழக்கம். இவனை எதுக்குக் கேப்டன்னு கூப்புட்றீங்க?"

தலையைக் குனிந்துகொண்டார். "நாக்குக்குப் பழக்கம்."

காசியம்மாள் கொண்டுவந்த டீ கிளாஸை வைத்துக்கொண்டு அந்த வளைவில் அப்படியே நின்றோம். எழுதிப் போட்டுவிட்டாராம், சாதுல்லா போன அன்றைக்கே. பரீட்சைக்கு வரச்சொல்லி நாளும் கொடுத்துவிட்டார்கள். "ஊர் ஒலகத்துக்கெல்லாம் போவாத போவாதன்னு கத்தினவன் நான். உங்கிட்ட எந்த வாயால சொல்றது?" என்றார்.

எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் எரிச்சல். "கோ-பைலட்டுன்னு ஒரு வார்த்தை. சொன்னா நாக்கு வெந்துடுமா? இதுக்கு மலையைச் சுத்திக்கினு ஊரெல்லாம் பேச வச்சு, என்னிய வேற பஸ்ஸேற வச்சு. ஆம்பளைங்க கௌரவம் இருக்குதே, அதைத் தூக்கி உடைப்புல போட. அந்தக் குழுவுல இருக்கிற மிச்சப் பேருக்காவது நீங்களே வாயால சொல்லிட்டுப் போங்க. திருட்டுத்தனமா வெளியேற வேணாம்."

வாஸ்தவம் என்றார். ஜீப்பை ஓரம் நிறுத்தி, போனை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். "நான் கவுஸ் பேசறேன். நானும் போறேன். வலது பக்கம்தான். உங்களைத் தடுத்ததுக்கு மன்னிச்சுக்கோங்க." பேசி அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒருத்தரிடமிருந்தும் பதில் இல்லை. இங்கே சிக்னல் இல்லையோ என்று நான் வாங்கிப் பார்த்தேன். சிக்னல் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. குழுவில் மிச்சம் இருந்தது அவர் ஒருத்தர்தான். மற்ற எல்லாரும் எப்போதோ வெளியேறியிருந்தார்கள்.

நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஏன் என்று தெரியாமல் வேடியப்பனும் சிரித்தான். திரும்பும்போது நான் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். அவர்தான் ஓட்டினார். "கேப்டன், பிரேக் போடட்டுமா?" என்று கேட்டார். "போடுங்க பாயி, சீக்கிரம் போடுங்க!" என்று வேடியப்பன் அலறினான்.

பரீட்சைக்குப் போய்விட்டு வந்து, அவர்கள் கூப்பிடுகிற வரைக்கும் அவர் போனை வைத்துக்கொண்டு நடந்த நடையைச் சொன்னால் இன்னொரு கதையாகிவிடும். வேண்டாம். கூப்பிட்டார்கள். சேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். கிளம்புகிற அன்று அவர் பெட்டியை நான்தான் அடுக்கினேன். வெள்ளைச் சட்டையின் தோளில் மாட்டுகிற பட்டையைப் பழைய நினைப்பில் எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். நாலு கோடு போட்டது, கேப்டனுக்கு உள்ளது. அவர் அதை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்துவிட்டு, "மூணு கோடுதான். அங்க குடுப்பாங்க" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் என்னவோ செய்தது.

புது விமானத்தில் பயிற்சியெல்லாம் முடிந்த பிறகு, "ஒருநாள் வந்து பாரேன்" என்று கூப்பிட்டார். சின்னசேலம் போய், அங்கிருந்து பஸ்ஸில் சேலம் போய், விமான நிலையத்துக்கு ஆட்டோ பிடித்தேன். நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டிருந்தேன். விமானத்தைப் பார்த்தால் மினி பஸ் என்று அந்த மனுஷன் சொன்னதில் தப்பில்லை. பின்பக்கம் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஜவ்வரிசி வியாபாரி ஒருத்தர். "எங்க வூட்டுக்காரருதான் ஓட்டுறாரு" என்று அவரிடம் சொன்னேன். அப்படியா என்று மரியாதையாகக் கையைக் குவித்தார்.

கதவைச் சாத்தினார்கள். மேலே ஸ்பீக்கரில் ஒரு பெண்குரல் வந்தது. "வணக்கம். நான் உங்கள் கேப்டன் கண்ணகி. என்னுடன் கோ-பைலட்டாக முகம்மது கவுஸ் இருக்கிறார்."

ஜவ்வரிசி வியாபாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான்.

எனக்குக் காதில் தீ பற்றிய மாதிரி இருந்தது. என்னுடன்! என் வீட்டில் பிரியாணி தின்ற பெண், என் வீட்டுக்காரரிடம் திட்டு வாங்கி அழுத பெண், அவர் பேரை இரண்டாவதாகச் சொல்கிறாள். அவள் மேல் தப்பே இல்லை என்று தெரிகிறது. மரியாதையாகத்தான் சொன்னாள். இருந்தாலும் எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை. விமானம் எழும்பியதையும் பார்க்கவில்லை, மேகத்தையும் பார்க்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சென்னை வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

இறங்கித் தரையில் நின்று பார்த்தேன். முன்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் வலது பக்கத்தில் அவர். என்னைக் கண்டதும் கண்ணாடியைத் தட்டிக் கையை ஆட்டினார். பக்கத்திலிருந்து கண்ணகியும் எட்டிப்பார்த்து ஆட்டினாள். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கம்பெனி மூடிய நாளிலிருந்து நான் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. நானும் கையை ஆட்டினேன். சிரித்தேனா என்று தெரியவில்லை.

ஊருக்கு வந்து கடையைத் திறந்த அன்றே பாத்திமுத்து மாமி வந்துவிட்டாள். இரண்டு பேர் ஜாக்கெட் துணி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "ஏ புள்ள, பிளேன்ல போய்ட்டு வந்தியாமே? உன் வூட்டுக்காரரு இப்ப அங்க இன்னாவா இருக்காரு? களமருதூர்ப் பொண்ணு ஒண்ணுக்குக் கீழன்னு சொல்றாங்களே, நெசமா?" என்றாள்.

நான் மலை மேல் நின்று அவரை என்ன கேட்டேன்? சொன்னால் நாக்கு வெந்துவிடுமா என்றுதானே? அந்த வார்த்தை என் வாய்வரைக்கும் வந்தது. வந்து அங்கேயே நின்றுகொண்டது.

"யாரு சொன்னது?" என்றேன். "கேப்டன்தான். எப்பவும் கேப்டன்தான். உனக்குத் துண்டு வேணுமா, வேணாமா?"

மாமி ஒரு மாதிரியாகச் சிரித்துவிட்டுப் போனாள். ஜாக்கெட் துணி பார்த்தவர்களும் போனார்கள். கொஞ்ச நேரத்தில் அவரிடமிருந்து போன். சேலத்தில் இறங்கியிருக்கிறார். "ஷர்பு, இன்னிக்கு லேண்டிங்க கண்ணகி எங்கிட்ட குடுத்தாங்க. பூ மாதிரி எறக்கினேன். நீங்கதான் சார் எனக்குக் கத்துக் குடுத்தீங்கன்னு அந்தப் பொண்ணு எல்லார்கிட்டயும் சொல்லுது. நான் சொன்னேன், இல்ல கேப்டன், இப்ப நீங்கதான் எனக்குன்னு." கேப்டன் என்கிற அந்த வார்த்தையை அவர் எத்தனை சுலபமாகச் சொன்னார்! எச்சில் முழுங்கவில்லை, தயங்கவில்லை. நான் ம், ம் என்றேன். கல்லா மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

போனை வைத்த கையோடு வேடியப்பனைக் கூப்பிட்டேன்.

"வேடியப்பா, நாளைக்குக் காலைல ஜீப்பு சும்மா இருக்குதா?"

"இருக்குதுமா. ஆனா பாயி ஊர்ல இல்லியே, யாருக்கு?"

"எனக்குத்தான்."

"உங்களுக்கு ஓட்டத் தெரியுமாமா?"

"ஓட்ட இல்லடா. ஒரு வார்த்தை சொல்லிப் பழகணும். மலை மேல சுலபமா வந்தது, இங்க கீழ வாய்ல வர மாட்டேங்குது."